தீப்பொறிச் சாலை: ஃபிளின்ட் முதல் பௌலிங் கிரீன் வரை

பெட்ரோல் காரின் இக்னிஷன் பாகங்களை மாற்றினால் குதிரைத்திறன் கூடும், மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்று சொல்லி விற்பது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடக்கும் வியாபாரம். கம்பெனி பொருத்திய காயில், பிளக், வயர் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டும் வெளிச்சந்தைப் பாகங்களும், அவற்றோடு சேர்த்து விற்கும் மின்னணுப் பெட்டிகளும் இதில் அடங்கும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாக்குறுதி எவ்வளவு தேறும் என்பதற்கான விடை ஒரே சாலையில் கிடைக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட்டில் தொடங்கி, ஆன் ஆர்பர், டொலீடோ, டெய்ட்டன் வழியாகத் தெற்கே இறங்கி, கென்டக்கியின் பௌலிங் கிரீனில் முடியும் பாதை அது. ஏறத்தாழ 850 கிலோமீட்டர். பிளக் செய்த ஊர், விளம்பரங்களைச் சோதித்த ஆய்வகம், காயில் இக்னிஷன் உருவான கொட்டகை, இன்று அதை மாற்றச் சொல்லி விற்கும் நிறுவனம் எல்லாம் இந்தப் பாதையில் வரிசையாக வருகின்றன.

ஃபிளின்ட்டின் சாகினா தெருவில் ‘வாகன நகரம்’ என்று எழுதிய இரும்பு வளைவுகள் நிற்கின்றன. குதிரை வண்டி செய்த காலத்திலேயே ஊருக்குக் கிடைத்த பட்டம் அது. அந்த வண்டித் தொழிலில் பணம் சேர்த்த வில்லியம் டூரண்ட் 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சுக்காரரை ஃபிளின்ட்டுக்கு வரவழைத்து ஸ்பார்க் பிளக் செய்ய வைத்தார். சாம்பியன் அதற்கு முன் சைக்கிள் பந்தய வீரர். 1899-ன் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் வென்றவர். பாஸ்டனில் அவர் முதலில் தொடங்கிய கம்பெனி அங்கிருந்த கூட்டாளிகளிடமே தங்கிவிட்டது, சாம்பியன் என்ற பெயரோடு. ஃபிளின்ட் பிளக்குக்குத் தன் முதலெழுத்துகளான ‘ஏ.சி.’ மட்டும்தான் அவருக்கு மிஞ்சியது. ஒரே மனிதரின் பெயரைத் தாங்கிய இரண்டு பிளக்குகள் பிறகு பல காலம் போட்டியாளர்களாக விற்றன.

பிளக்கின் வேலையைப் பற்றித்தான் விளம்பரங்கள் அதிகம் குழப்புகின்றன. நடுக்கம்பிக்கும் பக்கக்கம்பிக்கும் இடையே பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி இருக்கும். அழுத்தப்பட்ட பெட்ரோல்-காற்றுக் கலவை அந்த இடைவெளியில் நிற்கும்போது, மின்சாரம் தாவிக் குதிக்கப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுகிறது. எவ்வளவு தேவையோ அதுவரைதான் வோல்ட்டேஜ் ஏறும். பொறி தாவியதும் விழுந்துவிடும். அந்த வோல்ட்டேஜை ஏற்றித் தருவது காயில். 45,000 வோல்ட் காயில் என்று அட்டையில் போட்டிருந்தாலும், 15,000 வோல்ட்டில் பொறி தாவும் இன்ஜினில் அந்தக் காயிலும் 15,000-லேயே நின்றுகொள்ளும். மீதி முப்பதாயிரம் கையிருப்புதான். செலவாகாத கையிருப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஆற்றல் கணக்கும் அப்படியே. நின்ற நிலையில், சரியான விகிதத்தில் கலந்த பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க 0.2 மில்லிஜூல் அளவு போதும். கலவை சுழன்றோடும்போதும், பெட்ரோல் குறைவாகவோ அதிகமாகவோ கலந்திருக்கும்போதும் சுமார் 3 மில்லிஜூல் வரை தேவைப்படலாம். கம்பெனி இக்னிஷன் தருவது 30 முதல் 50 மில்லிஜூல். அதாவது தேவைக்குப் பத்து மடங்கு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அரை லிட்டர் சிலிண்டர் ஒன்றில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஒருமுறை எரியும் பெட்ரோல் சுமார் 1,700 ஜூல் வெப்பம் தரும். அதன் பக்கத்தில் பொறியின் 0.05 ஜூல் கணக்கிலேயே வராது. வைக்கோல்போரைக் கொளுத்தத் தீக்குச்சி போதும். தீப்பந்தத்தால் கொளுத்தினாலும் அதே வைக்கோல்தான், அதே வெப்பம்தான். குச்சி அணைந்து போகும் இடத்தில் மட்டுமே தீப்பந்தத்துக்கு வேலை. வெளிச்சந்தை இக்னிஷனைப் பற்றிய முழு விவாதமும், அந்த அணைந்து போகும் இடம் எது என்பதில்தான் இருக்கிறது.

ஃபிளின்ட்டிலிருந்து யு.எஸ். 23 நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் வந்தால் ஆன் ஆர்பர். பல்கலைக்கழக ஊர். பிளிமத் ரோட்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வாகன, எரிபொருள் ஆய்வகம் 1971 முதல் இயங்குகிறது. அமெரிக்காவில் புதுக் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மைலேஜ் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இடம் இது. காரை உருளைகள் மீது ஏற்றி, வரையறுத்த வேகத்தில், வரையறுத்த நேரம் ஓட்டி, புகையைப் பைகளில் பிடித்து அளக்கிறார்கள். ஓட்டுபவரின் கால், எதிர்காற்று, மேடு பள்ளம் எதற்கும் அங்கே இடமில்லை.

1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மைலேஜ் கூட்டும் கருவிகள் சந்தையில் குவிந்தன. அவற்றைச் சோதித்து முடிவை வெளியிடும் பொறுப்பை ஒரு சட்டம் இந்த முகமைக்குத் தந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகள் ஆராயப்பட்டன: காற்றை உள்ளே விடுபவை, பெட்ரோலைச் சூடாக்குபவை, குழாயில் மாட்டும் காந்தங்கள், இக்னிஷன் கருவிகள். மிகச் சிலவே மைலேஜைச் சற்றுக் கூட்டின. அந்தச் சிலவற்றிலும் புகையை அதிகமாக்கியவை உண்டு. இக்னிஷன் வகையில் சிறிதளவு மைலேஜ் காட்டியது, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் ஸ்பிரிங்குகளை மாற்றும் ஒரு பொருள். கூடவே புகையையும் கூட்டியது.

அந்த ஸ்பிரிங் பொறியைத் துளியும் வலுவாக்கவில்லை. பொறி விழும் நேரத்தை மட்டுமே முன்னுக்குத் தள்ளியது. பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விழ வேண்டும். ஏனென்றால் கலவை எரிந்து முடிய நேரம் எடுக்கும். எத்தனை டிகிரி முன்னால் என்பதுதான் டைமிங். அது பின்தங்கியிருந்தால் சக்தி வீணாகும். அதிகம் முந்தினால், கலவை தானாக வெடித்துத் தட்டும் நாக்கிங் வரும். ஆக, இக்னிஷனில் சக்தி ஒளிந்திருப்பது பொறியின் வலுவில் அல்ல, நேரத்தில். அதிலும் ஒரு வரம்பு உண்டு: சரியான டைமிங்கை நெருங்கிவிட்டால், ஓரிரு டிகிரி இப்படி அப்படிப் போனாலும் சக்தியில் பெரிய மாறுதல் தெரியாது. புதிய டிஸ்ட்ரிபியூட்டர் போட்டதும் கார் பறக்கிறது என்று சொல்பவர்களில் பலர், அதைப் பொருத்தும்போது முதல்முறையாக டைமிங்கைச் சரியாக வைத்தவர்கள். பெயர் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போய்விடுகிறது.

ஆன் ஆர்பருக்குத் தெற்கே வயல்வெளி. மைலான், டண்டீ என்று சின்ன ஊர்களின் பலகைகள் கடந்து போக, ஒரு மணி நேரத்துக்குள் ஒஹாயோ எல்லையும் டொலீடோவும் வந்துவிடுகின்றன. மௌமி ஆற்றின் கரையில் கண்ணாடியும் ஜீப்பும் செய்த ஊர். வில்லிஸ்-ஓவர்லேண்டு கார் கம்பெனிக்குப் பக்கத்தில் இருப்பதற்காக, சாம்பியனின் பாஸ்டன் கூட்டாளிகளான ஸ்ட்ரனஹான் சகோதரர்கள் தங்கள் சாம்பியன் பிளக் தொழிலை 1910-ல் இங்கே கொண்டுவந்தார்கள். பாஸ்டனில் தங்கிவிட்ட அந்தப் பெயர் இப்படித்தான் டொலீடோ வந்து சேர்ந்தது. இதே ஊரில் டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் செய்த எலெக்ட்ரிக் ஆட்டோலைட் ஆலையில் 1934-ல் நடந்த வேலைநிறுத்தம் அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் தனி அத்தியாயம். தேசியக் காவல் படை சுட்டதில் இருவர் இறந்தனர். டொலீடோவில் தேடினால் பிளக்கைவிட அந்த வேலைநிறுத்தத்தின் நினைவே அதிகம் கண்ணில் படும், அது நியாயமும்கூட.

பிளக் விளம்பரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்பிளிட்ஃபயர் பிளக் நல்ல சாட்சி. பக்கக்கம்பியை நாக்குப் பிளந்தாற்போல இரண்டாக வெட்டி வைத்த பிளக் அது. மைலேஜ் கூடும், புகை குறையும், குதிரைத்திறன் கூடும் என்று விற்றார்கள். இந்த வாக்குறுதிகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 1997-ல் கம்பெனி சமரச ஆணைக்கு உட்பட்டது. இரண்டு நாக்கு, நான்கு நாக்கு வைத்த எந்தப் பிளக்கிலும் ஒரு நேரத்தில் பொறி தாவுவது ஒரு வழியில்தான். எது எளிதோ அதில். கம்பி அதிகம் இருந்தால் தேய்மானம் பங்கிடப்படும், ஆயுள் கூடும். இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளின் உண்மையான ஆதாயமும் ஆயுள்தான்: சாதாரண நிக்கல் பிளக் சில பத்தாயிரம் கிலோமீட்டரில் தேயும்போது, இவை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். மெல்லிய முனை என்பதால் பொறி தாவத் தேவைப்படும் வோல்ட்டேஜ் கொஞ்சம் குறையும். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் இதனால் கூடுதல் சக்தி எதுவும் உணர்வுக்கு எட்டாது.

வயர் கதை இன்னும் எளிது. தடை குறைந்த தடித்த வயர் போட்டால் பொறி வலுக்கும் என்பது வாதம். காயிலின் உட்சுற்றிலேயே பல ஆயிரம் ஓம் தடை இருக்கிறது; பிளக்கினுள்ளும் தடை வைத்திருக்கிறார்கள். வயரில் சில ஆயிரம் ஓம் குறைவதால் சக்தி மாறுவதில்லை. ரேடியோவில் இரைச்சல் வராமலும், காரின் கணினி குழம்பாமலும் இருக்கத்தான் அந்தத் தடையே வைக்கப்பட்டது. உறை வெடித்து மின்சாரம் கசியும் பழைய வயரை மாற்றினால் கார் தெளிவாக ஓடும் என்பது உண்மை. அப்போது எந்தக் கம்பெனியின் புதிய வயராக இருந்தாலும் அதே பலன்தான்.

டொலீடோவிலிருந்து ஐ-75 நேராகத் தெற்கே ஓடுகிறது. ஃபின்ட்லே, லைமா, பிறகு நீல் ஆர்ம்ஸ்ட்ராங் பிறந்த மண்ணான வாபகோனெட்டா. நிலவுக்குப் போனவருக்கான அருங்காட்சியகத்தின் குவிமாடம் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. சோள வயல்களுக்கு நடுவே சுமார் 240 கிலோமீட்டர் ஓடினால் டெய்ட்டன்.

ரைட் சகோதரர்களால் பெயர்பெற்ற டெய்ட்டன், கார் உலகத்தைப் பொறுத்தவரை சார்லஸ் கெட்டரிங்கின் ஊர். நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் வைத்துக் கொடுத்த பொறியாளர் அவர். உடன் வேலை பார்த்த எட்வர்ட் டீட்ஸின் வீட்டுக் கொட்டகையில், வேலை முடிந்த மாலைகளில் நண்பர்களோடு சேர்ந்து கார் இக்னிஷனை உருவாக்கினார். 1909-ல் தொடங்கிய டெல்கோ கம்பெனியின் பெயரே ‘டெய்ட்டன் பொறியியல் ஆய்வகங்கள்’ என்பதன் சுருக்கம். அந்த இக்னிஷன் 1910 மாடல் கேடிலாக் காரில் வந்தது. அதே குழுவின் செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 கேடிலாக்கில் வந்து கைப்பிடி சுழற்றும் தொல்லையை ஒழித்தது. ஊரின் கரிலான் வரலாற்றுப் பூங்காவில் டீட்ஸ் கொட்டகையின் பெயரில் ஒரு காட்சியிடம் இருக்கிறது. ரைட் சகோதரர்களின் 1905 விமானமும் அதே பூங்காவில்தான். கூட்டம் விமானத்தைப் பார்க்கத்தான் போகிறது.

கெட்டரிங்குக்கு முன் இருந்த முறையில், காயிலின் மேல் ஒரு நாக்கு அதிர்ந்து அதிர்ந்து பொறிகளை மழையாகப் பொழியும். ஃபோர்டின் மாடல் டி 1927 வரை அப்படித்தான் ஓடியது. பொறிமழை உலர் பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். கெட்டரிங் செய்தது, மழையை நிறுத்திவிட்டு, சரியான நேரத்தில் ஒரே ஒரு வலுவான பொறி தரும் ஏற்பாடு. அதன் முதிர்ந்த வடிவம்தான் பாயின்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் முனை), கண்டென்சர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்று உலகம் முழுக்கப் பரவியது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓட்டியவர்களுக்குப் பாயின்ட்டைத் தேய்த்து, பிளேடு கேஜ் வைத்து இடைவெளி பார்த்த நினைவு இருக்கும். அது டெய்ட்டன் கொட்டகையின் வழிவந்த அமைப்புதான்.

இதன் பலவீனங்கள் இரண்டு. ஒன்று, பாயின்ட் தேயும், கருகும், டைமிங் நழுவும். மற்றொன்று நேரப் பஞ்சம். எட்டு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடினால், விநாடிக்கு 400 பொறி தேவை. ஒரு பொறிக்குக் கிடைப்பது 2.5 மில்லிவிநாடி. அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் பாயின்ட் மூடியிருக்கும், காயில் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். அந்த 1.7 மில்லிவிநாடியில் காயில் நிறைவதில்லை. பாயின்ட் கருகாமல் தாங்கும் மின்னோட்டமும் நான்கு ஆம்பியர் அளவுதான். எனவே சுற்று ஏற ஏறப் பொறி மெலியும். ஒரு கட்டத்தில் இன்ஜின் மிஸ் அடிக்கத் தொடங்கும். தீக்குச்சி அணைந்து போகும் இடம் என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். பாயின்ட்டை எடுத்துவிட்டு, அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காந்த வளையமும் காந்தத்தை உணரும் ஹால் சென்சாரும் வைக்கும் பெர்ட்ரானிக்ஸ் போன்ற மாற்றுப் பொருள்கள் இங்கே சொன்னதைச் செய்கின்றன: தேய்மானம் இல்லை, டைமிங் நழுவாது, குளிரில் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும். ஆனால் அன்றுதான் சரிசெய்த நல்ல பாயின்ட்டோடு ஒப்பிட்டால், நடுத்தரச் சுற்றில் சக்தி வேறுபாடு காண்பது அரிது.

கார் கம்பெனிகளே இந்தக் குறையைத் தீர்த்துவிட்டன. கிரைஸ்லர் 1973-ல் தன் கார்களில் மின்னணு இக்னிஷனை நிலையான பாகமாக்கியது. 1975-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஹெச்.இ.ஐ.’ என்ற உயர் ஆற்றல் இக்னிஷனைக் கொண்டுவந்தது. அவர்களைத் தள்ளியது பந்தய ஆசை அல்ல, புகைச் சட்டம். ஒருமுறை மிஸ் அடித்தாலும் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போகும். அது தொடர்ந்தால், புகையைச் சுத்தமாக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் கெட்டுவிடும். 1975-க்குப் பின் வந்த கார்களில் வெளிச்சந்தைப் பெட்டியின் ஆதாயம் சட்டென்று சுருங்கியதற்குக் காரணம் இதுதான்.

டெய்ட்டனிலேயே இன்னொரு கதையும் உண்டு. கெட்டரிங்கின் இக்னிஷன் வந்த கேடிலாக்குகளில் நாக்கிங் கேட்டபோது, பேட்டரி இல்லாமல் பொறி தரும் மேக்னெட்டோவைத் தயாரித்த போட்டியாளர்கள் பழியைப் பேட்டரி இக்னிஷன் மேல் போட்டார்கள். பழியைத் துடைக்க கெட்டரிங் தன் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியை ஆராய வைத்தார். குற்றவாளி பொறி அல்ல, பெட்ரோல் என்று தெரிந்தது. அந்தத் தேடல் 1921 டிசம்பரில் ஈயம் கலந்த பெட்ரோலில் போய் முடிந்து, உலகத்தின் காற்றையே கெடுத்தது தனிச் சோகம்.

டெய்ட்டனுக்குத் தெற்கே சின்சினாட்டி. ஒஹாயோ ஆற்றைக் கடந்தால் கென்டக்கி. லூயிவில்லில் ஃபோர்டின் ஆலைகள். இன்று அங்கிருந்து வெளியேறும் பெட்ரோல் வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு காயில். எட்டுக் காயில் இருந்தால், 6,000 சுற்றில் ஒரு காயில் விநாடிக்கு 50 முறைதான் பொறி தர வேண்டும்; நிறைய 20 மில்லிவிநாடி கிடைக்கும். டைமிங்கை நாக் சென்சாரைக் கேட்டு கணினி இடைவிடாமல் திருத்துகிறது. கெட்டரிங் அமைப்பின் நேரப் பஞ்சம் இங்கே அறவே இல்லை.

ஐ-65 வழியாக மேலும் 185 கிலோமீட்டர் வந்தால் பௌலிங் கிரீன். 1981 முதல் கார்வெட் கார் செய்யும் ஊர். கார்வெட் அருங்காட்சியகத்தின் தரை 2014 பிப்ரவரியில் உள்வாங்கி எட்டுக் கார்களை விழுங்கியது இந்த ஊரில்தான். கார்புரேட்டரால் பெயர்பெற்ற ஹாலி நிறுவனத்தின் தலைமையகம் இங்கே. வெளிச்சந்தை இக்னிஷனில் பெரிய பெயர்களான எம்.எஸ்.டி., ஆக்ஸெல், மல்லொரி மூன்றும் 2015 முதல் இதன் குடைக்கீழ் உள்ளன.

டெக்சாஸின் எல் பாஸோவில் உருவான எம்.எஸ்.டி.யின் பெயரே பல பொறி என்பதைக் குறிக்கிறது. அதன் சிவப்புப் பெட்டி பேட்டரியின் 12 வோல்ட்டை ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவாக ஏற்றி ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து, காயிலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுகிறது. கெப்பாசிட்டர் மிக விரைவாக நிறைவதால் எவ்வளவு சுற்றிலும் பொறி மெலியாது. ஆனால் அந்தப் பொறியின் ஆயுள் மிகக் குறைவு. சாதாரணக் காயில் பொறி நீடிப்பதில் சிறு பங்குதான். அதை ஈடுசெய்ய, சுமார் 3,000 சுற்றுக்குக் கீழே ஒரு பொறிக்குப் பதில் பல பொறி விடுகிறது. அதற்கு மேல் ஒன்றே ஒன்று. கெட்டரிங் நிறுத்திய பொறிமழை இந்தப் பெட்டியில் திரும்பி வந்திருக்கிறது. முதல் பொறியே பற்றவைத்துவிட்டால் அடுத்தவை ஏற்கெனவே எரிகிற தீயில் விழுபவை. முதல் பொறி தவறும் இன்ஜினில் மட்டும் அவற்றுக்கு மதிப்பு: பந்தய வகைக் கேம்ஷாஃப்ட் வைத்து ஐட்லிங்கில் குலுங்குவது, பெட்ரோல் அதிகம் போய்ப் பிளக் நனைவது, குளிரில் ஸ்டார்ட் ஆகாதது போன்றவை.

உண்மையான தேவை ஊருக்குள்ளேயே இருக்கும் பீச் பெண்ட் பந்தயத் தடத்தில் தெரியும். டர்போவோ சூப்பர்சார்ஜரோ வைத்துக் காற்றை அழுத்தி ஏற்றும்போது சிலிண்டருக்குள் கலவையின் அடர்த்தி பெருகுகிறது. அடர்ந்த வாயுவில் பொறி தாவ அதிக வோல்ட்டேஜ் வேண்டும். கம்பெனிக் காயில் எட்டாத உயரத்துக்கு அது போனால் பொறி அணைகிறது, கார் பாதித் தடத்தில் இருமுகிறது. பிளக் இடைவெளியைக் குறைப்பது முதல் மருந்து; வலுவான காயிலும் பெட்டியும் அடுத்தவை. எரிபொருள் ஊசி முறைக்கு 2012-ல் மாறும் வரை நாஸ்காரின் முதன்மைத் தொடர்ப் பந்தய இன்ஜின்கள் 9,000 சுற்றில் விநாடிக்கு 600 பொறி கேட்டன. அங்கே அன்று இந்தப் பெட்டிகள் இல்லாமல் முடியவில்லை. இங்கெல்லாம் பெட்டி செய்வது சக்தியைக் கூட்டுவது அல்ல, இழப்பைத் தடுப்பது. விளம்பரம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இன்ஜினின் சக்தியை அளக்கும் டைனோமீட்டரின் தாள்களையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். ஒரே காரை, எதையும் மாற்றாமல், அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினாலே ஓரிரு சதவீதம் வேறுபடும். எண்ணெயின் சூடு, காற்றின் வெப்பம், ஈரம் எல்லாம் சேரும். 300 குதிரைத்திறன் இன்ஜினில் ஐந்து கூடியது என்பது அந்த அலைவுக்குள்ளேயே அடங்கும். பழைய பிளக்கோடு ஓட்டி அளந்துவிட்டு, புதுப் பிளக்கையும் புதுப் பெட்டியையும் சேர்த்துப் போட்டு மறுபடி அளப்பது இன்னொரு வழக்கம். அதில் பெட்டியின் பங்கு எது என்று பிரிக்க வழியில்லை. கலிஃபோர்னியா காற்றுவள வாரியத்தின் அனுமதி எண்ணைச் சிலர் தரச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த எண் சொல்வது, பொருளால் புகை கூடவில்லை என்பதை மட்டும்.

பாயின்ட் வைத்த பழைய கார் வைத்திருப்பவர் மின்னணு மாற்றுப் பொருளை வாங்கலாம். அடிக்கடி டியூனிங் செய்யும் தொல்லை தீரும். டர்போ ஏற்றியவர், பந்தயத்தில் ஓட்டுபவர் வலுவான காயிலும் பெட்டியும் வாங்கத்தான் வேண்டும். கார் மிஸ் அடித்தால், பெட்டிக்குக் காசு கொடுக்கும் முன் புதிய பிளக் போட்டு, இடைவெளி அளந்து, வயரையும் டைமிங்கையும் பார்த்துவிட வேண்டும். பிளக்குக்கு ஒரு காயில் என்று கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் காருக்கு, சக்தியோ மைலேஜோ கூடும் என்று நம்பி இவற்றில் எதையும் வாங்க வேண்டியதில்லை.